மேஜை காலி, அலமாரியும் காலி

கண்ணாடிக்காரர் ஒரு பொருளை வாங்குகிறார் என்றால் அது லேசுப்பட்ட காரியமில்லை. கல்யாணமான புதிதில் ஃபிரிட்ஜ் வாங்கப் போய், எது நல்லது என்று அவர் விசாரித்து முடிப்பதற்குள் வெயில்காலமே முடிந்துவிட்டது.

தொழில் தோஷம், வேறென்ன சொல்ல. அவர் வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு வில்லையைப் போட்டு ஒரு வில்லையை எடுத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னால போட்டது தெளிவா இருந்துதா?" என்று கேட்பதுதான் காலையிலிருந்து சாயங்காலம் வரை வேலை. கடையைப் பூட்டினாலும் அந்தக் கேள்வியைப் பூட்டத் தெரியாது அவருக்கு. வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார்.

இந்தத் தடவை அவர் கையில் சிக்கியது ஹார்ட் டிஸ்க்.

அவர் மனைவி சின்னவள், அண்ணனுடைய ஸ்டூடியோவிலிருந்து விருட்டென்று வெளியேறிய கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். வருஷக்கணக்காக அந்த ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து, ஊரார் வீட்டுக் கல்யாணங்களையெல்லாம் வெட்டி ஒட்டி வீடியோவாக்கிக் கொடுத்தவள். ஒரு நாள் யாரோ ஒரு வாடிக்கையாளர், "இவங்க யாரு?" என்று கேட்டார். அண்ணன் தலையைக்கூடத் திருப்பவில்லை. "என் தங்கச்சிதான். சும்மா ஒத்தாசைக்கு உக்காந்திருக்கா" என்றார்.

ஒத்தாசைக்கு. அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள், செருப்பை மாட்டினாள், வந்துவிட்டாள். அண்ணனும் திரும்பக் கூப்பிடவில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு முழித்தது அண்ணன் மகள்தான். அவளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு இந்தச் சண்டை. அந்தக் கல்யாணத்தைக் கேமராவில் பிடித்ததே அத்தை. "அத்தை கை வெக்காத வீடியோ எனக்கு வேணாம்ப்பா" என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணன் வேறு வழியில்லாமல் மெமரி கார்டுகளை ஒரு கவரில் போட்டுக் கண்ணாடிக்காரர் கையில் கொடுத்தனுப்பினார். சின்னவள் எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, கார்டுகளைத் திருப்பி அனுப்பி, "காப்பி ஆயிடுச்சு" என்று ஒரு செய்தியும் அனுப்பினாள். சண்டைக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டது அந்த இரண்டு வார்த்தைதான்.

நாளை மறுநாள் அந்தப் பெண் புருஷனோடு விமானம் ஏறுகிறாள். ஏறும்போது வீடியோ கையில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து சின்னவள் தன் பொறுப்பில் செய்கிற முதல் வேலை இது. அண்ணனோடு வாய்ச்சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும், நான் ஒத்தாசைக்கு உட்கார்ந்தவளா இல்லையா என்று. அதுதான் அவள் கணக்கு. இது மட்டும் சொதப்பினால் அந்த வார்த்தை ஆயுசுக்கும் அவள் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது ஹார்ட் டிஸ்க்குக்கு வருவோம்.

வீடியோ வேலைக்குச் சாதாரண டிஸ்க் பற்றாது என்று தெரிந்ததுமே கண்ணாடிக்காரர் களத்தில் இறங்கிவிட்டார். எது வேகம், எது நீண்ட நாள் உழைக்கும், எது சூடாகும், எது சத்தம் போடும் என்று சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சு. வாங்கியவர்கள் இணையத்தில் எழுதும் அபிப்பிராயங்களில் பாராட்டுகளை அவர் படிக்கவே மாட்டார். திட்டியிருப்பதை மட்டும் தேடித் தேடிப் படிப்பார். "ஒருத்தர் வாங்கின வாரமே போயிடுச்சாம், பாரு" என்று ஏதோ சொந்தக்காரர் செத்ததைப்போலச் சொல்வார். கம்ப்யூட்டர் கடையில் அவர் கேட்ட கேள்விகளில் அசந்துபோன கடைக்காரர், ஸ்டூலை இழுத்துப் போட்டு, "சார், பேசாம நீங்க இங்கயே வேலைக்குச் சேந்துடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஒரு வழியாக இரண்டு டிஸ்க் வந்தன. ஒன்று சின்னது, எஸ்.எஸ்.டி. சத்தமே இல்லாமல் மின்னலாக வேலை செய்யும். இன்னொன்று பெரியது, பழைய ரகம். உள்ளே தட்டு சுற்றுகிற டிஸ்க். வேலை செய்யும்போது கடகடவென்று வெற்றிலை இடிப்பதைப்போல ஒரு சத்தம்.

"இந்தக் கிழட்டு டிஸ்க் எதுக்குங்க? ரெண்டுமே வேகமானதா வாங்கியிருக்கலாமே" என்றாள் சின்னவள்.

"சின்னது உன் மேஜைம்மா. பெருசு உன் அலமாரி. மேஜையில வெச்சு வேலை செய்வே, அலமாரியில பத்திரமா இருக்கும். மேஜைக்கு வேகம் வேணும். அலமாரிக்கு இடம்தான் வேணும்."

"மூணாவதா ஒண்ணு வேணும்னு சொன்னீங்களே?"

"அது வேணும். வெளியில எடுத்து வெக்கிற மாதிரி. வீடே தீப்பிடிச்சாலும் நம்ம வேலை தப்பிக்கணும் இல்லையா. ஆனா அதுல ரெண்டு மாடல்ல எதுன்னுதான் யோசிச்சுட்டிருக்கேன்."

அந்த யோசனை இன்றுவரை முடியவில்லை.

&nbsp;

இன்றைக்குக் காலையில் சின்னவள் எழுந்திருக்கும்போதே பரபரப்பாக இருந்தது. வீடியோவின் முதல் பாகம் நேற்று ராத்திரி முடிந்து, முழுப்படமாக மேஜையில் உட்கார்ந்திருந்தது. இனி இரண்டாம் பாகம். மாலை விருந்தும், கடைசியில் பெண் புறப்படுவதும்.

கம்ப்யூட்டரைப் போட்டால் இடம் இல்லை என்று ஒரே புலம்பல். மேஜை நிரம்பி வழிகிறது. ஒரு காட்சியை நகர்த்தச் சொன்னால் யோசித்து யோசித்து நகர்ந்தது.

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தாள். அவர் ஒரு காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டால் மற்றக் காலில் மாட்டுவதற்குள் மதியமாகிவிடும். கேட்காமலே விட்டாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மேஜையில் இருப்பதெல்லாம் அலமாரியிலும் இருக்கிறது. மேஜையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, இரண்டாம் பாகத்துக்கு வேண்டியதை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. முதல் பாகத்தின் முழுப்படத்தை மட்டும் விட்டுவிட்டு, கேமராவிலிருந்து வந்த மூலக் காட்சிகள் இருந்த ஃபோல்டரை அப்படியே அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். மேஜை பளிச்சென்று ஆனது. அவளுக்குத் தலை குளித்ததைப்போல இருந்தது.

அப்போதுதான் அண்ணன் மகள் போன் செய்தாள்.

"அத்தை, எதுவரைக்கும் வந்திருக்கு?"

"பாதி முடிஞ்சுது. மீதியை நாளைக்குள்ள முடிச்சுடுவேன். நீ பெட்டியைக் கட்டற வழியைப் பாரு."

"அப்பா வாசல் கேட்டுப் பக்கத்துல அழுவாருல்ல, கார் கிளம்பறப்ப. அதை மட்டும் விட்டுடாதீங்க. அதுக்கு முன்னால அப்பா அழுது நான் பாத்ததே இல்ல. அதை அங்க போய் தினம் ஒரு தடவை போட்டுப் பாப்பேன்."

"அங்க போய் வேற வேலை இல்லையா உனக்கு?"

போனை வைத்த பிறகு சின்னவளுக்கு அந்தக் காட்சி ஞாபகம் வந்தது. கார் நகர்கிறது, ஜன்னலுக்கு வெளியே பெண்ணின் கை. நல்ல நேரம் பார்த்து அண்ணன் குறுக்கே வந்து, சின்னவளைப் பார்த்து ஏதோ சொன்னார். சுற்றிலும் ஹாரன் சத்தம். அவளோ காட்சி போய்விடுமே என்று பதறி, நகருங்கள் என்று கையை ஆட்டினாள். மனுஷன் படம் பிடிக்கிற தொழிலில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, கேமராவுக்குக் குறுக்கே வந்து நிற்கிறாரே என்று அன்றைக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

வேலையை மதியத்துக்கு மேல் தொடங்கலாம் என்று சமையலை முடித்தாள், துணி உலர்த்தினாள், நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். கைகழுவி வந்து அலமாரியைத் திறந்தாள்.

முதல் பாகத்தின் முழுப்படம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

தவறான இடத்தைத் திறந்துவிட்டோம் என்று மூடிவிட்டு மறுபடி திறந்தாள். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அதுதான். மேஜையைப்போலவே அலமாரியும் காலி.

கணவருக்குப் போன் போட்டாள்.

"ஒரு நிமிஷம்மா, ஒருத்தருக்குப் பவர் பாத்துட்டிருக்கேன். சார், இது தெளிவா இருக்கா, இல்ல..."

"என்னங்க, அலமாரியில ஒண்ணுமே இல்லங்க."

"எந்த அலமாரியில?"

"பெரிய டிஸ்க்குல. கல்யாணமே இல்ல. காலையில மேஜையில இருந்ததை அழிச்சேன், இடம் இல்லைன்னு. இங்க இருக்கேன்னுதானே அழிச்சேன்? இங்கயும் இல்லங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "மணி பன்னெண்டு ஆயிடுச்சா?" என்றார்.

"எப்பவோ ஆயிடுச்சு. ஏன்?"

"தினம் பன்னெண்டு மணிக்கு மேஜையில இருக்கிற மாதிரியே அலமாரியையும் ஆக்கிடும்மா அது. நான்தான் அப்படி ஒரு புரோகிராம் போட்டு வெச்சிருக்கேன். நீ மேஜையில ஒண்ணை மாத்தினா அங்கயும் மாறும். நீ அழிச்சா..."

அழித்தால் அங்கேயும் அழியும். இவள் அவரை நம்பி அழித்தாள். அந்தப் புரோகிராம் இவளை நம்பி அழித்தது.

"கம்ப்யூட்டரை அணைச்சுடு" என்றார் கண்ணாடிக்காரர். அவர் குரல் அப்படி இறுகி அவள் கேட்டதில்லை. "எதையும் தொடாத. எதையும் திறந்து பாக்காத. நான் வந்துட்டே இருக்கேன்."

&nbsp;

அணைத்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், மறுபடி விலக்கினாள். ஃபிரிட்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். இருப்புக் கொள்ளவில்லை.

கார்டு! சட்டென்று பொறி தட்டியது. அண்ணனிடம் கார்டுகள் இருக்குமே. ஒருவேளை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால்?

அடுத்த நொடி தெருவில் இருந்தாள். எந்தப் படியை இனி மிதிக்க மாட்டேன் என்று நினைத்தாளோ அந்தப் படியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். ரோஷத்தையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டூடியோவில் அண்ணன் யாரையோ பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். "முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க. இன்னும். ரொம்ப இறக்கிட்டீங்க." தங்கையைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. பிறகு போட்டோவை எடுத்து முடித்தார்.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. அவளுடைய நாற்காலியில் நரைத்த தாடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவள் கழற்றி வைத்த ஹெட்போன் அவர் காதில். சுவரோரமாக, பழுப்புக் காகிதம் சுற்றிய பெரிய பலகை ஒன்று சாய்ந்திருந்தது. நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் ஆள் பிடித்துவிட்டாரே என்று நினைத்தாள்.

"என்ன இந்தப் பக்கம்?" என்றார் அண்ணன்.

"சும்மாதான். அண்ணா, அந்தக் கல்யாணக் கார்டெல்லாம் இருக்கா?"

"இருக்கே."

போன உயிர் திரும்பி வந்தது. "அதுல இருந்ததெல்லாம் அப்படியே இருக்கா?"

"அதுல இப்ப ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழா இருக்கு. நீ காப்பி ஆயிடுச்சுன்னு சொன்ன அன்னிக்கே துடைச்சுட்டேன்."

"வேற எதுலயாவது ஒரு காப்பி போட்டு வெச்சீங்களா?"

"எதுக்கு?"

"இல்ல, சரியா ஏறியிருக்கான்னு நீங்க ஒரு தடவை பாத்துட்டு..."

அண்ணன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீ சொன்னப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்? இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது பாத்திருக்கேனா?"

பார்த்ததில்லைதான். அவள் "காப்பி ஆயிடுச்சு" என்றால் அடுத்த கையோடு கார்டைத் துடைத்துவிடுவார். மற்றவர்கள் சொன்னால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை திறந்து பார்க்கிற மனிதர். இத்தனை நாள் அது அவள் கண்ணில் படவே இல்லை. இன்றைக்குப் பட்டது, அதுவும் இப்படி ஒரு நேரத்தில். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"எதுக்குக் கேக்கற?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"வீடியோ எப்படி வருது?"

"வருது" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

&nbsp;

வீட்டுக்கு வந்தால், கண்ணாடிக்காரர் சட்டைகூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அலமாரி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பைப்போல ஊர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணன் கார்டைத் துடைச்சுட்டாராம்" என்றாள், கதவைப் பிடித்துக்கொண்டே.

"உக்காரு. கொஞ்சம் நம்பிக்கை இருக்கு. உன் மேஜை இருக்கே, அந்த வேகமான டிஸ்க், அதுல அழிச்சா உடனே துடைச்சுக் கழுவிடும். அதுலேருந்து ஒண்ணும் எடுக்க முடியாது. இந்தப் பெருசு அப்படி இல்ல, இது சோம்பேறி. அழிச்சுட்டேன்னு வாயால சொல்லும். ஆனா அந்த இடத்துல வேற எதையாவது எழுதற வரைக்கும் பழசு உள்ளயேதான் கிடக்கும். அதைத்தான் இப்பத் தோண்டிட்டிருக்கேன்."

"அப்ப எல்லாம் வந்துடுமா?"

"பன்னெண்டு மணிக்கு இது அழிச்சதோட நிக்கல. நீ மேஜையில விட்டு வெச்ச முதல் பாகம் இருக்கே, அதை இங்க எழுதியிருக்கு. அது எதுமேல உக்காந்துதோ, அது போச்சு."

"எதுமேல உக்காந்துது?"

"முழுசா வந்தாத்தான் தெரியும்."

சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அதையும் இதையும் ஒரே மாதிரி ஆக்கும்னு நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனேம்மா. நீ வெங்காயம் நறுக்கிட்டிருந்தே. பக்கத்துல நின்னு எல்லாத்தையும் சொன்னேன்."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"'ம்'னு சொன்னே."

அவளுக்கு ஞாபகம் வந்தது. வெங்காயம், குழம்பு, ரசம் என்று மூன்று அடுப்பு வேலை முடிகிறவரை அவர் பேசிக்கொண்டே நின்றார். அவளும் மூச்சுக்கு மூச்சு ம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை.

"உங்ககிட்டக் கேட்டா நேரம் போயிடும்னுதான் காலையில கேக்காம அழிச்சேன்" என்றாள். குரல் உடைந்தது.

"தப்பு உன்மேல மட்டும் இல்ல" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அந்த மூணாவது டிஸ்க்கை அன்னிக்கே வாங்கியிருந்தா இந்தப் பாடே இல்ல. ரெண்டுல எதை எடுத்திருந்தாலும் போதும். எது நல்லதுன்னு பாத்துப் பாத்து, ஒண்ணுமே இல்லாமப் பண்ணிட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தன் விசாரிப்பைக் குறை சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. சண்டை போட வந்தவளுக்கு அதற்குமேல் சண்டை போட வரவில்லை.

பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. தோண்டியெடுத்த காட்சிகள் பெயரெல்லாம் போய், வெறும் எண்களாக வரிசைகட்டி வந்தன. எது மாலை, எது விருந்து, எது வாசல் என்று ஒன்றும் தெரியவில்லை. அவள் சமையலறைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடையாய் நடந்தாள்.

போன் அடித்தது. அண்ணன்.

"என்ன நீ, வந்தே, கார்டு இருக்கான்னே, ஓடிட்டே. என்ன விஷயம்?"

கண்ணாடிக்காரர் அவசரமாகக் கையைக் காட்டினார். கோட்டைக் காட்டினார், வாயைப் பொத்திக் காட்டினார். இன்னும் கொஞ்ச நேரம்தான், எல்லாம் வந்துவிடலாம், வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவர் சொல்வது சரிதான். சும்மா என்று இன்னொரு தடவை சொன்னால் போதும்.

நீ சொன்னப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்? அது காதுக்குள்ளேயே நின்றது. அப்படி நம்புகிறவரிடம் ஒரே நாளில் இரண்டு பொய்யா?

"அண்ணா, கல்யாணம் போயிடுச்சு" என்றாள். "மூலக் காட்சி ஒண்ணுமில்ல. நான்தான் அழிச்சேன். தெரியாம அழிச்சுட்டேன். இவர் இப்ப அதைத் திரும்ப எடுக்கப் பாக்கறார். எவ்வளவு வரும்னு தெரியல."

அந்தப் பக்கம் யாரோ காசோலை கொடுக்கலாமா என்று கேட்கிற குரல் வந்தது. அண்ணன் அவரை அப்புறம் வரச் சொன்னார்.

"வீட்லயே இரு. வரேன்" என்றார்.

&nbsp;

வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து, அதற்குத் தயாராகக் கதவைத் திறந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு வந்திருக்கு, மாப்ள?"

"முடியப்போகுது, மச்சான்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சின்னவளுக்கு. டீ போட்டுக் கொண்டுவந்தாள். மூன்று பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், கோட்டையே பார்த்தார்கள்.

கோடு முடிந்தது. அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். விருந்துக் கூடம் வந்தது. மணமகனின் நண்பர்கள் கூத்தடிக்கிறது வந்தது. அண்ணி யாரையோ தேடிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போவது வந்தது. ஒவ்வொன்று திறக்கும்போதும் கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். இரண்டாம் பாகத்துக்கு வேண்டியது அத்தனையும் இருந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

"இதுவா இருக்கணும்" என்று கடைசி எண்ணைத் தட்டினாள்.

வாசல் கேட். கார் மெல்ல நகர்கிறது. ஜன்னலுக்கு வெளியே பெண்ணின் கை. அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தோளில் முகத்தைத் துடைக்கிறார். நாற்காலியில் இருந்த அண்ணன் சங்கடத்தோடு டீயைப் பார்த்தார்.

திரையில் இருந்த அண்ணன் திரும்பினார். கேமராவைப் பார்த்து நடந்து வந்தார். முகம் பெரிதாகியது, கண் சிவந்திருந்தது. ஹாரன் சத்தத்துக்கு நடுவே, கேமராவின் மைக்கில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "சின்னது, இனிமே நம்ம கடையில நீயும்..."

படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பச்சையும் ஊதாவும் திரையெங்கும் சிதறின. குரல் கரகரத்து நின்றுபோனது.

"முதல் பாகம் இதுமேலதான் உக்காந்திருக்கு" என்றார் கண்ணாடிக்காரர். "அதாவது என்னன்னா, ஒவ்வொரு காட்சியும் டிஸ்க்குல துண்டு துண்டா..."

"சும்மா இருங்க" என்றாள் அவள். "கொஞ்சம் இருங்க, மாப்ள" என்றார் அண்ணன்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு என்ன சொன்னீங்க, அண்ணா?"

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குக் கேட்டுதே. கேட்டுட்டுத்தானே கையை ஆட்டுனே?"

"குறுக்க நிக்காதீங்கன்னு ஆட்டுனேன். கார் போகுது, நீங்க முன்னால வந்து நிக்கறீங்க. அந்தச் சத்தத்துல நீங்க சொன்னது ஒண்ணுமே காதுல விழல."

"விழலையா?"

"சத்தியமா விழல."

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "நீ வேணாம்கறேன்னு நெனச்சேன்" என்றார். குரல் தணிந்திருந்தது. "கடையில நீயும் பாதின்னு சொன்னேன். போர்டுல உன் பேரும் சேத்துப் போடலாம்னு சொன்னேன். பொண்ணு கிளம்பற நேரம், மனசு ஒரு மாதிரி இருந்துது, அப்பவே சொல்லிடணும்னு தோணுச்சு. நீ கையை ஆட்டுனே. சரி, பொறுப்பு வேணாம்கறா, இவளுக்கு ஒத்தாசையா உக்காந்திருந்தாலே போதும் போலருக்குன்னு விட்டுட்டேன்."

எந்த வார்த்தைக்காகப் படியிறங்கி வந்தாளோ, அதை அவர் வாயில் போட்டது தன் கைதான்.

"எனக்குத் தெரியாது, அண்ணா. இப்பக் கேளுங்க" என்றாள். "இப்பச் சொல்லுங்க. கையை ஆட்ட மாட்டேன்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாடிக்காரரைப் பாத்தியே. நீ போனப்புறம் அவரைக் கடையில பார்ட்னராச் சேத்துக்கிட்டேன். நேத்துதான் கையெழுத்துப் போட்டோம். போர்டுகூட வந்துடுச்சு."

சுவரோரம் சாய்ந்திருந்த பழுப்புக் காகிதப் பலகை அவள் கண் முன்னால் வந்து நின்றது. அதில் இருக்கும் பெயரை அவள் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.

திரையில் உடைந்த படம் அப்படியே நின்றிருந்தது. கட்டங்களுக்கு நடுவே அண்ணனுடைய திறந்த வாய் மட்டும் தெரிந்தது. நாற்காலியிலிருந்த அண்ணன் அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அழிச்சதையெல்லாம் தோண்டி எடுக்குதே உங்க சோம்பேறி டிஸ்க்கு. போட்ட கையெழுத்தைத் திரும்ப எடுக்க ஏதாவது வழி இருக்கா?"

எதைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுகிற கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.